அந்தக் குரல் பதிவை அனுப்பியது நம் ஆள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பினாங்கில் 34 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஜெலுத்தோங்கில் குடியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பகுதியில் உள்ள ஒரு சிறிய அம்மன் கோயிலின் சமையற்கட்டில் அன்னதான வேலைக்குப் போவேன். மொத்தம் 14 பேர். எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. இந்த வாரம் வாழையிலை யார் வாங்குவது, எத்தனை கிலோ அரிசி போடுவது, யாருக்கு முட்டிவலி, இதுதான் அதில் பேச்சு. போன வாரம் அதே குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது.

எங்கள் சாலை முனையில் ஒரு நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும்) கடை இருக்கிறது. கடைக்காரர் தமிழ் முஸ்லிம். அவர் தகப்பனார் கடையநல்லூரிலிருந்து வந்தவர். அந்தக் கடைச் சோற்றில் ஏதோ ஓதித்தான் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள், இனி எவரும் அங்கே கால் வைக்கக் கூடாது, இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாதவன் இந்துவே இல்லை என்று ஓர் ஆண் குரல் ஆவேசமாகப் பேசியது. பத்து நிமிடத்தில் எங்களில் மூன்று பேர் கும்பிடும் கை படம் போட்டுவிட்டார்கள். அம்மனுக்குச் சோறு பொங்குகிற கைகள் ஐயா அவை. என் கணவர் இறந்த அன்று கடையை மூடிவிட்டு வந்து, சுடுகாடு வரைக்கும் கூடவே நின்றவர் அந்தக் கடைக்காரர். ஒவ்வொரு நோன்பு மாதமும் அவர் வீட்டிலிருந்து எங்களுக்குக் கஞ்சி வரும்.

மத வெறி என்றால் எங்கோ தூரத்தில், வேறு மதத்தில், துப்பாக்கியோடு இருப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். என் வீட்டுக்குள்ளேயே அது வந்து உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2018 நவம்பர் 26. விடியற்காலையில் கோலாலம்பூர் பக்கம் சுபாங் ஜெயாவில் சீஃபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலில் கலவரம் என்று செய்தி வந்தது. கோயிலை இடம் மாற்றுவது தொடர்பான நிலத் தகராறு அது. இன மோதல் அல்ல என்று அரசாங்கமும் தெளிவாகச் சொன்னது. ஆனால் அந்த விளக்கம் வருவதற்கு முன்பே என் தங்கை மகன் கைப்பேசியில் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அப்போது 23 வயது. நான் தங்கை வீட்டுக்குப் போனபோது மோட்டார் சைக்கிளில் ஓர் இரும்புக் குழாயைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். சுபாங்குக்குப் போகிறானாம். பினாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில்.

ஒரு வருடத்துக்கு முன்னால்தான், 2017 நவம்பர் 4 இரவு, பினாங்கு முழுக்கப் பேய்மழை. ஜாலான் பி. ரம்லி பக்கம் தங்கை குடியிருந்த தரை வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. தங்கையையும் இவனையும் முதுகில் தூக்காத குறையாகப் பக்கத்து சுராவுக்கு (முஸ்லிம்களின் சிறிய தொழுகைக் கூடம்) கொண்டுபோய்ச் சேர்த்தது அங்கிருந்த ஆட்கள். இரண்டு இரவு அங்கேதான் படுத்தார்கள். ஒரு மாக்சிக் (மலாய்ப் பெரியம்மா) தன் வீட்டுப் போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கை அதைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார்.

அந்தப் போர்வை அன்றைக்கும் அவர்கள் வீட்டில்தான் கிடந்தது. நான் அதை எடுத்து வந்து அவன் முன்னால் போட்டு, "யார் போர்வைடா இது?" என்று கேட்டேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவங்க வேற, இவனுங்க வேற பெரியம்மா" என்றான். சரி, அழுது பார்த்தேன். அம்மாவை நினைத்துப் பார் என்றேன். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அவன் போகாததற்குக் காரணம் அந்தச் சாவிதான், என் அறிவுரை இல்லை.

பிறகு அவன் கைப்பேசியைப் பார்த்தோம். ஆறு மாதமாக ஒரு குழுவில் இருந்திருக்கிறான். அவன் தகப்பன் இறந்து இரண்டு வருடம். பாயான் லெப்பாஸில் ஒப்பந்தத்தில் பார்த்த தொழிற்சாலை வேலையும் போய்விட்டது. அந்தக் குழுவில் முகம் தெரியாத ஒருவன் அவனைத் தினமும் "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டிருக்கிறான். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துப்போனது. நாங்கள் எல்லாரும் அந்த ஆறு மாதமும் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வேலை கிடைச்சதா?"

ஆசிரியர் அவர்களே, வெறியைப் பரப்புகிறவர்கள் வேதத்தையோ ஆகமத்தையோ குரானையோ பைபிளையோ சொல்லிக்கொடுத்து ஆள் பிடிப்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுப் பிடிக்கிறார்கள். நீ முக்கியமானவன், உனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிப் பிடிக்கிறார்கள். 2016 ஜூன் 28 அன்று பூச்சோங்கில் மொவிடா என்ற கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு வீசி எட்டுப் பேர் காயமடைந்தார்களே, அதை ஏவியது சிரியாவில் உட்கார்ந்திருந்த ஒரு மலேசியர் என்று காவல்துறை சொன்னது. கைப்பேசி வழியாகத்தான். கொள்கை வேறு, ஆட்கள் வேறு. தூண்டில் ஒன்றுதான்.

நம் கோயில்கள் அதே பையனுக்கு என்ன கொடுக்கின்றன? அர்ச்சனைச் சீட்டு கொடுக்கின்றன, வரிசையில் ஓர் இடம் கொடுக்கின்றன. தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி தூக்க அவன் வருவான். எல்லாரும் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். மறுநாளிலிருந்து அடுத்த தைப்பூசம் வரை அவனை யாருக்கும் தெரியாது. கோயிலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் அந்தக் கோயில்காரிதான்.

அவனைத் திருப்பிக்கொண்டு வந்தது எங்கள் சமையற்கட்டுத் தாத்தா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், படிப்பு கிடையாது. நான் போய் அழுததும், "கூட்டிட்டு வா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். சொன்னபடியே ஒன்றும் சொல்லவில்லை. பையன் இரண்டு மணி நேரம் பேசினான். இடத்தைப் பிடுங்குகிறார்கள், வேலை தர மாட்டேன் என்கிறார்கள், நம்மை மதிப்பதில்லை என்று கொட்டித் தீர்த்தான். அதில் பாதி உண்மை. அதையும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளின் மனக்குறை எல்லாமே வெறும் வதந்தி என்று பெரியவர்கள் தள்ளிவிடும்போதுதான் அவர்கள் அந்த முகம் தெரியாத அண்ணனிடம் போகிறார்கள். தாத்தா எதையும் மறுக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அண்டாவை இறக்கணும், எனக்கு முதுகு முடியல, நீ வந்துடு" என்றார்.

முதல் வெள்ளி வரவில்லை. இரண்டாவது வெள்ளி ஐந்து மணிக்கு வந்தான். அப்புறம் வந்துகொண்டிருந்தான்.

எங்கள் சமையற்கட்டுச் சுவரில் வள்ளலார் படம் இருக்கிறது. வடலூரில் 1867இல் அவர் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது, வந்தவன் யார் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள் என்று தாத்தா எல்லாரிடமும் சொல்வார். சீஃபீல்டில் படுகாயமடைந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பர் 17 அன்று இறந்துபோனார். அவருக்கு 24 வயது. அந்த மாதமே அவருக்குத் திருமணம் நடக்கவிருந்தது. அந்த வார வெள்ளிக்கிழமை தாத்தா அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அந்தப் படத்தடியில் ஒரு விளக்கு ஏற்றினார். "யாருக்குத் தாத்தா?" என்று இவன் கேட்டான். "அந்தத் தீயணைப்புப் பையனுக்கு. உன் வயசு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு அவன் வழக்கத்தைவிட அதிக நேரம் பாத்திரம் தேய்த்தான்.

இதை உடனே நடந்த மாற்றம் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தக் குழுவிலிருந்து அவன் முழுசாக விலக எட்டு மாதம் ஆனது. அவனோடு சுற்றிய இன்னொரு பையனையும் தாத்தா கூப்பிட்டுப் பார்த்தார். இரண்டு தடவை வந்தான், பிறகு காணாமல் போய்விட்டான். இன்றைக்கும் அவன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது. அவன் அம்மாவைச் சந்தையில் பார்க்கும்போது எனக்கு என்ன பேசுவது என்று தெரிவதில்லை.

தாதி வேலையில் ஒன்று கற்றுக்கொண்டேன். ஆழமான புண்ணை மேலே மட்டும் மூட விடக்கூடாது. மேல்தோல் அழகாகக் கூடிவிடும், உள்ளே சீழ் நிற்கும். அதனால் அடியிலிருந்து சதை வளரும்படி தினமும் திறந்து, கழுவி, மருந்துத் துணி வைத்துக் கட்டுவோம். நோயாளிக்கு வலிக்கும், நாற்றமடிக்கும், வாரக்கணக்கில் ஆகும். நம் ஊரில் நடக்கிற ஒற்றுமை விருந்துகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த நினைப்புதான் வருகிறது. நான்கு மதத் தலைவர்கள் கை கோத்து நிற்கிற படம் பத்திரிகையில் வரும். வரட்டும், நல்லதுதான். ஆனால் அடுத்த வாரம் அந்த நால்வரில் ஒருவருடைய மேடையில் இன்னொருவருடைய சாமியைக் கேலி பேசினால் யார் எழுந்து நிற்கிறார்கள்?

நான் நிற்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவுக்கு என்னோடு வேலை செய்த கத்தோலிக்கத் தோழியை அழைத்துப் போயிருந்தேன். ஒவ்வொரு ஜூலையும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு அவர் என்னைக் கூட்டிப்போவார், மெழுகுவர்த்தி ஏந்தி நானும் நடப்பேன். அங்கே சேலை கட்டி, திருநீறு பூசிய பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா! அந்த நன்றிக்குத்தான் நான் அவரை அழைத்தேன். மேடையில் பேசிய சொற்பொழிவாளர் திடீரென்று கிறிஸ்தவர்களைப் பற்றி இழிவாக நகைச்சுவை என்ற பெயரில் பேச ஆரம்பித்தார். கூட்டம் கைதட்டியது. என் தோழி தலையைக் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், எழுந்திருக்கவில்லை. திரும்பும்போது காரில் அவர், "பரவாயில்லை, எங்க ஆளுங்களும் பேசத்தான் செய்றாங்க" என்றார். அந்த வார்த்தை எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் சின்னக் கோயிலில் ஒரு வழக்கம் வைத்தோம். பேச வருகிறவரிடம் தலைவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: நம் சாமியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், அடுத்தவர் சாமியைத் தொடாதீர்கள், தொட்டால் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவோம். ஒரு தடவை நிறுத்தியும் விட்டார்கள். அந்தப் பேச்சாளர் கோபித்துக்கொண்டு போனார், நன்கொடையாளர் ஒருவரும் விலகினார். கோயில் நின்றுவிடவில்லை.

தன் மதத்துக்காரனைத் தானே தடுப்பதுதான் மிகக் கடினம், ஆனால் அது ஒன்றுதான் பலிக்கும் என்று நினைக்கிறேன். என் பையனை சுராவ் இமாம் வந்து திருத்தியிருக்க முடியாது. இலங்கையில் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்தவர்கள் தமிழ் பேசுகிற நம் ஜனம், அதில் எத்தனை குழந்தைகள். அதை நடத்திய சஹ்ரானைப் பற்றி முதலில் எச்சரித்தவர்கள் யார்? அவனுடைய சொந்த ஊரான காத்தான்குடி முஸ்லிம்கள். இவன் போக்கு சரியில்லை என்று பல வருடங்களுக்கு முன்பே அதிகாரிகளிடம் புகார் கொடுத்திருந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குண்டு வெடித்த பிறகு அடி வாங்கியதும், கடை எரிந்ததும் அவர்களைப் போன்ற சாதாரண முஸ்லிம்களுக்குத்தான். வீட்டுக்குள்ளிருந்து எச்சரிக்கிறவன் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறான். அப்படிப்பட்டவர்களை எல்லா மதத்தாரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும்.

எங்கள் சமையற்கட்டுக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறோம். பக்கத்து சுராவ் இமாம், தேவாலயப் பாதிரியார், சீனக் கோயில் செயலாளர், காவல் நிலையம் என்று நான்கு தொலைபேசி எண்கள். அவர்களிடமும் எங்கள் எண் இருக்கிறது. இதற்கு ஒரு விழாவும் நடத்தவில்லை, தாத்தாவும் தலைவரும் நடந்துபோய் வாங்கி வந்தார்கள். ஒரு நாள் காலையில் கோயில் வாசலில் இரத்தம் வடியும் எலும்புத் துண்டு கிடந்தது. யாரோ படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். நான் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் "யார் போட்டது தெரியுமா" என்ற கேள்வியோடு அது இரண்டு குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. தலைவர் இமாமைக் கூப்பிட்டார். அவர் உடனே சைக்கிளில் வந்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து எதிர்க்கடைச் சீனரிடம் போய் அவருடைய கண்காணிப்புக் கேமரா பதிவைப் பார்த்தார்கள். விடியற்காலைச் சந்தையிலிருந்து ஒரு தெருநாய் கவ்விக்கொண்டு வந்து போட்டது. இமாமையும் தலைவரையும் வாசலில் ஒன்றாக நிற்கவைத்து, அவர்கள் வாயாலேயே நடந்ததைச் சொல்லவைத்துப் படம் பிடித்து அதே குழுக்களுக்கு அனுப்பினோம். எல்லாம் 40 நிமிடத்தில் முடிந்தது. அந்த எண் எங்களிடம் இல்லாமல் இருந்திருந்தால் அன்று மாலை என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. 1998 மார்ச்சில் இதே பினாங்கில் கம்போங் ராவாவில் கோயிலையும் பள்ளிவாசலையும் வைத்து மூண்ட பதற்றம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வாரம் வேலைக்குப் போக பஸ் ஏறவே பயந்தோம். வார்டுக்குள் போனால், பக்கவாதத்தில் கிடந்த ஒரு தமிழ்ப் பெரியவருக்கு மலாய்ப் பணியாளர் ஒருவர் வழக்கம்போலக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். வெளியே ஓடிய வதந்தி அவர்கள் இருவர் காதுக்கும் எட்டாமலா இருந்திருக்கும்?

நம் ஜார்ஜ்டவுனில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்ற ஒரே சாலையை ஒட்டி தேவாலயம், குவான் யின் கோயில், மகா மாரியம்மன் கோயில், பள்ளிவாசல் எல்லாம் இருக்கின்றன. ஒற்றுமைத் தெரு என்று சுற்றுப்பயணிகளுக்குக் காட்டுகிறோம். அந்தப் பள்ளிவாசலை எழுப்பியவர் தமிழ் முஸ்லிம், 1801இல். நம் மாரியம்மன் கோயில் 1833. கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்பது ஒரு பாக்கியம். ஆனால் தைப்பூச வெள்ளி ரதம் வரும்போது சாலையோரம் தேங்காய் மலை குவித்து உடைக்கிற சீனக் குடும்பங்களில் ஒன்றையாவது நம் கோயில்கள் மற்ற நாட்களில் போய்ப் பார்த்திருக்கின்றனவா? அவர்கள் வீட்டில் ஒரு சாவு என்றால் போகிறோமா? ஆஸ்பத்திரியில் பார்வை நேரத்தில் நான் கவனித்திருக்கிறேன். தேவாலயத்திலிருந்து வருகிறவர்கள் பக்கத்துக் கட்டிலில் யார் இருந்தாலும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். கோயிலிலிருந்து யாரும் வருவதே அபூர்வம். எங்கள் சமையற்கட்டிலிருந்து இப்போது மாதம் இரண்டு தடவை போகிறோம், சுராவ் பெண்கள் இருவரும் கூட வருகிறார்கள். பிரார்த்தனை எதுவும் செய்வதில்லை. தலை வாரிவிடுவோம், நகம் வெட்டிவிடுவோம், வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுப்போம். மதக் கலவரத்துக்கும் நகம் வெட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் என்னைக் கேட்டார். ஒரு மாக்சிக் உன் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டதைப் பார்த்த பிறகு, அவர்கள் எல்லாருமே இப்படித்தான் என்று குழுவில் எழுத உன் விரல் கொஞ்சமாவது தயங்கும் என்றேன்.

பினாங்கு, கெடா, பேராக் கோயில் நிர்வாகங்களிடம் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்கிறேன். வேலையில்லாத, தகப்பன் இல்லாத, இரவில் தூங்காமல் கைப்பேசி பார்க்கிற பையன் ஒருவன் உங்கள் தெருவிலும் இருப்பான். திருவிழா முடிந்த பிறகு அவனை உள்ளே கூப்பிடுங்கள். சொற்பொழிவு வேண்டாம். தூக்குவதற்கு ஓர் அண்டாவைக் கொடுங்கள். சாவியையும் கொடுங்கள். பணம் எண்ணுகிற மேசையில்கூட உட்காரவையுங்கள். நம்பினால்தான் இருப்பான்.

அந்தக் குரல் பதிவைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. அதை எங்கள் குழுவில் போட்டது எங்களோடு 11 வருடமாகக் காய் நறுக்குகிற ஒரு தங்கச்சி. குழுவில் பதில் எழுத வந்த கையை அடக்கிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் நடத்திய சின்னச் சாப்பாட்டுக் கடை மூன்று மாதத்துக்கு முன் மூடியாகிவிட்டது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வாடகை பாக்கி, மகள் படிப்பு நின்றுபோகும் நிலை. எதிரே அந்த நாசி கண்டார் கடையில் கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிந்திருக்கிறது, அந்த நேரத்தில் எவனோ இந்தப் பதிவை அனுப்பியிருக்கிறான். ஒரு மணி நேரம் அழுதாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். பதிவை அழித்துவிடு என்று நான் சொல்லவில்லை, அவளும் அன்றைக்கு அழிக்கவில்லை.

தங்கை மகனுக்கு இப்போது பிறையில் வேலை, ஆனாலும் வெள்ளிக்கிழமை விடியலில் வந்து அண்டாவை இறக்கிவிட்டுத்தான் போகிறான். அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் நாசி கண்டார் கடைக்காரரிடமே போய்ப் பேசியிருக்கிறான். அவர் என்ன கேட்டார் தெரியுமா? "அந்த அக்கா வீட்டுக்காரர் நல்லா மீன் குழம்பு வைப்பாரே, காலையில என் கடைக்கு வருவாரா?" அந்தத் தங்கச்சியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. நாளை வெள்ளிக்கிழமை. வாழையிலை வாங்குகிற முறை அவளுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி,
ஜெலுத்தோங், பினாங்கு.

(பையனுக்காகவும் அந்தத் தங்கச்சிக்காகவும் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)